பத்து இலக்கமும் ஒரு @-உம்: க்யூக்யூ மெயிலின் எண் முகவரி எங்கே உதவும், எங்கே காலை வாரும்

சீனாவின் யிவூ சந்தையிலிருந்தோ குவாங்சோவிலிருந்தோ சரக்கு எடுப்பவர்களின் இன்பாக்ஸைத் திறந்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். முகவரியில் ஆள் பெயர் இருக்காது, கம்பெனி பெயர் இருக்காது, வெறும் எண் இருக்கும். 0483917265@க்யூக்யூ.காம் என்கிற மாதிரி. சீனாவின் டென்சென்ட் நிறுவனம் நடத்தும் க்யூக்யூ அரட்டைச் சேவையில் ஒருவருக்குக் கிடைக்கும் எண்தான் அது. பழக்கமில்லாதவர்கள் ஸ்பேம் என்று ஒதுக்கிவிடுவார்கள். உள்ளே பார்த்தால் அவர்கள் இரண்டு நாளாகக் காத்திருந்த ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், அதாவது சரக்கு அனுப்பும் முன் தரும் விலைச்சீட்டு, இருக்கும். (இங்கே வரும் மாதிரி எண்களை வேண்டுமென்றே 0-இல் தொடங்குகிறோம். க்யூக்யூ எண் எதுவும் 0-இல் தொடங்காது என்பதால் யாருடைய முகவரியும் இதில் மாட்டாது.)

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மெயில் சேவை என்று பார்த்தால் டென்சென்ட்டின் க்யூக்யூ மெயில் நல்ல சரக்கு. இலவசம், வேகம், சீனாவுக்குள் மடல் போய்ச் சேரும் நம்பகம் எல்லாம் உண்டு. ஆனால் அது முதலில் கையில் கொடுக்கும் எண் முகவரியை அப்படியே விசிட்டிங் கார்டில் அச்சடிப்பது தப்பு. சேவைக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். எண்ணுக்குத் தர முடியாது.

எண் எப்படி முகவரி ஆனது

1996-இல் இஸ்ரேலின் மிராபிலிஸ் நிறுவனம் ஐசிக்யூ என்ற உடனடிச் செய்தி மென்பொருளை வெளியிட்டது. அதில் சேர்கிற ஒவ்வொருவருக்கும் வரிசைப்படி ஓர் எண். பெயர் எதுவானாலும் வைத்துக்கொள்ளலாம், அடையாளம் எண்தான். 1999 பிப்ரவரியில் ஷென்ஜெனில் டென்சென்ட் அதே பாணியில் ஓஐசிக்யூ என்று ஒன்றை இறக்கியது. பெயர்த் தகராறு வந்ததும் அது க்யூக்யூ ஆனது. பெயர் மாறினாலும் எண் முறை மாறவில்லை. முதல் எண்கள் ஐந்து இலக்கத்தில் இருந்தன, ஆள் சேரச் சேர நீண்டு பத்தைத் தொட்டன. பின்னால் மெயில் சேவை வந்தபோது எல்லோருக்கும் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. அதன் பின்னால் @க்யூக்யூ.காம் என்று ஒட்டினால் வேலை முடிந்தது.

மெயில் தரமானதாக மாறியதற்கு வேறொரு காரணம் உண்டு. 2005-இல் டென்சென்ட் ஃபாக்ஸ்மெயில் என்ற மெயில் மென்பொருளை வாங்கியது. அதை எழுதிய சாங் சியாவ்லாங் கூடவே வந்து குவாங்சோவில் இருந்தபடி க்யூக்யூ மெயிலைத் திருத்தி எழுதினார். 2011-இல் வீசாட் என்ற செய்திச் செயலியை வெளியிட்டதும் அவர் குழுதான். இன்றும் க்யூக்யூ மெயிலில் ஃபாக்ஸ்மெயில்.காம் என்ற இரண்டாவது முகவரி கிடைப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த முகவரி பின்னால் நமக்குக் கை கொடுக்கும்.

சீனாவில் எண் இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை. சீனப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒலியின் ஏற்ற இறக்கம் காணாமல் போகும். வெவ்வேறு சீன எழுத்துகளில் எழுதப்படும் பெயர்கள் எல்லாம் 'வாங் வெய்' என்று ஒன்றாகிவிடும். பெயரை வைத்து முகவரி எடுக்கப் போனால் நல்லதெல்லாம் என்றோ போயிருக்கும், கடைசியில் பெயருக்குப் பின்னால் எண் ஒட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு முழுக்க எண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. எண்ணை யாரும் எழுத்துப்பிழையோடு எழுத மாட்டார்கள், ஃபோனில் சொல்லலாம், எந்தக் கீபேடிலும் அடிக்கலாம். டொமைன் பெயரே எண்ணாக இருக்கும் ஊர் அது: 163.காம் என்ற பெயர் அந்தக் காலத்து டயல்-அப் இணைப்புக்கு அழைக்கிற 163-இலிருந்து வந்தது. சைனா மொபைல் 139.காம் என்று ஒன்று வைத்திருக்கிறது, சைனா டெலிகாமுக்கு 189.சிஎன். இவை இரண்டிலும் செல்பேசி எண்ணே முகவரி.

இதற்கும் முந்தைய கதை அமெரிக்காவில் நடந்தது. ஒஹையோவின் கொலம்பஸில் 1969-இல் தொடங்கிய காம்ப்யூசர்வ் என்ற கணினிச் சேவை, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-10 கணினிகளில் ஓடியது. அந்தக் கணினி ஒரே தடவையில் கையாளும் அலகு (ஒரு 'சொல்') 36 பிட். அதை நடுவில் வெட்டி, இடப் பாதியில் ப்ராஜெக்ட் எண், வலப் பாதியில் ப்ரோக்ராமர் எண் என்று வைத்துதான் பயனரை அடையாளம் கண்டார்கள். அந்த உள்கணக்கையே வாடிக்கையாளருக்கும் கொடுத்துவிட்டார்கள். நடுவில் காற்புள்ளியோடு இரண்டு எண், அதுவும் எட்டடிமான எண், அதாவது 8-உம் 9-உம் வரவே வராது. 1989-இல் இணையத்தோடு மெயில் இணைப்பு வந்தபோது அந்தக் காற்புள்ளி தொண்டையில் சிக்கியது. இணைய மெயிலில் காற்புள்ளி என்றால் 'அடுத்த ஆள்' என்று பொருள். 78999,89@காம்ப்யூசர்வ்.காம் என்று (யாருடையதும் ஆகாதபடி வேண்டுமென்றே 8, 9 கலந்த மாதிரி இது) எழுதினால் மென்பொருள் அதை இரண்டாக வெட்டி, 78999 என்று ஒருவருக்கும் 89@காம்ப்யூசர்வ்.காம் என்று இன்னொருவருக்கும் அனுப்பப் பார்க்கும். ஆகவே வெளியிலிருந்து அனுப்புகிறவர்கள் காற்புள்ளியைப் புள்ளியாக மாற்ற வேண்டும் என்று விதி வந்தது. உள்ளே ஒரு முகவரி, வெளியே இன்னொன்று. ஒரே ஆளுக்கு இரண்டு எழுத்துமுறை இருந்தால் பாதிப் பேர் தவறானதைத்தான் குறித்துவைத்துக்கொள்வார்கள்.

1983-இல் வந்த எம்சிஐ மெயில் என்ற இன்னொரு அமெரிக்கச் சேவையும் ஃபோன் நம்பர் போல ஏழு இலக்கம் கொடுத்தது. ஆனால் அங்கே பெயரையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்தான் எண் தேவைப்படும். நம் பார்வையில் அதுதான் புத்திசாலி ஏற்பாடு: மனிதருக்குப் பெயர், குழப்பம் வந்தால் எண். க்யூக்யூ இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறது. எண் தானாக வரும், பெயரை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு இலக்கம் புரண்டால்

எண் முகவரியின் பெரிய ஓட்டை இதுதான். பெயர் முகவரியில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இருக்காது, மடல் திரும்பி வந்துவிடும், தப்பு தெரிந்துவிடும். க்யூக்யூ எண்கள் நெருக்கமாகக் கொடுக்கப்பட்டவை. ஒரு இலக்கம் மாறினால் அதுவும் யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஆள் மெயில்பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் உங்கள் விலைப்பட்டியல் அமைதியாக அங்கே போய் உட்காரும். திரும்பியும் வராது, புகாரும் வராது. பெட்டியைத் திறக்காதவராக இருந்தால்தான் 550 என்று தொடங்கும் மறுப்பு வரும். அப்படித் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படுவதால் ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் படிவமே ஏற்க மறுக்கும். கிரெடிட் கார்டு எண்ணிலும் இது போல ஒன்று உண்டு. க்யூக்யூ எண்ணில் அப்படி ஒரு காவல் இல்லை. அது வரிசை எண்ணாகப் பிறந்தது, முகவரியாக இருக்க வேண்டும் என்று யாரும் அன்று நினைக்கவில்லை.

கீழே உள்ள இரண்டையும் பாருங்கள்:

0483917265@க்யூக்யூ.காம்
0483971265@க்யூக்யூ.காம்

ஒன்று உங்கள் சப்ளையர், இன்னொன்று அவர் இல்லை. ஆறாவது இலக்கமும் ஏழாவது இலக்கமும் இடம் மாறியிருக்கின்றன. தனித்தனி நாளில் வந்த இரண்டு மடல்களில் இதைக் கண்ணால் பிடிப்பவர் அரிது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்ற மோசடி மடலுக்கு எண் முகவரி தோதான வேஷம். பெயர் முகவரியில் கம்பெனி பெயர் திரிந்திருந்தால் உறுத்தும். எண்ணில் உறுத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

செய்ய வேண்டியது எளிது. முதல் சரியான மடல் வந்த அன்றே முகவரியைக் கான்டாக்ட்டில் சேமித்து, பெயரும் கம்பெனியும் போட்டுவிடுங்கள். அடுத்த முறை அந்தப் பெயர் தோன்றாமல் எண் மட்டும் வந்தால் அது வேறு முகவரி என்று பொருள். அனுப்பியவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரும் மடலோடு வரும், அதை நம்பாதீர்கள். அது க்யூக்யூவில் அவர் வைத்திருக்கும் செல்லப் பெயர், யாரும் எதையும் வைக்கலாம். எண்ணைக் கையால் அடிக்கவே அடிக்காதீர்கள். ஒருமுறை அவரிடமிருந்து மடல் வாங்கி, அதற்குப் பதில் போடுவதே பாதுகாப்பு. வங்கிக் கணக்கு மாற்றம் என்றால் ஏற்கெனவே தெரிந்த ஃபோன் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு டாலர்கூட அனுப்பக் கூடாது.

ஃபோனில் எண்ணைச் சொல்லி வாங்கும்போது நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இடிக்கும். 'டபுள் செவன்', 'ட்ரிபிள் த்ரீ' என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் பலருக்குப் புரியாது. ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். அவர்கள் பக்கம் 1-ஐ 'யீ' என்று சொல்லாமல் 'யாவ்' என்பார்கள். 7-க்கான 'ச்சீ'யோடு குழம்பிவிடக் கூடாது என்று எண் ஒப்பிக்கும்போது மட்டும் கடைப்பிடிக்கும் வழக்கம் அது. சீன மொழி கொஞ்சம் கற்றவர்கள்கூட 'யாவ்' என்றதும் திகைத்து ஒரு இலக்கத்தை விட்டுவிடுவதுண்டு. பத்து இலக்கத்தையும் வாங்கிவிட்டோமா என்று எண்ணிப் பாருங்கள், பிறகு திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

எண்ணே சாவி

இன்னொரு சிக்கல், அந்த எண் மெயிலுக்கு மட்டுமானது இல்லை. க்யூக்யூ அரட்டைக்கும், க்யூக்யூவோடு இணைத்த விளையாட்டுகளுக்கும் லாகின் பெயர் அதுவே. முகவரியைக் கொடுக்கும்போது லாகினில் பாதியைக் கொடுத்துவிடுகிறீர்கள், மிச்சம் பாஸ்வேர்டு மட்டும். எண்ணைத் தேடினால் செல்லப் பெயரும் முகப்புப் படமும் வரும், நண்பராக்கிக்கொள்ளும் கோரிக்கைகளும் வரும். எண்ணைச் செருகினால் அந்த ஆளின் முகப்புப் படத்தைத் திருப்பித் தரும் இணைய இணைப்பே ஒன்று இருக்கிறது. சீன வலைப்பூக்களில் மறுமொழி எழுதுபவரின் படத்தை இதை வைத்துத்தான் காட்டுகிறார்கள். மெயில் முகவரியை மட்டும் கொடுத்தோம் என்று நினைத்தவரின் படம் எங்கோ ஒரு பக்கத்தில் தெரியும்.

எண்ணின் உரிமையும் உங்களுடையது இல்லை. டென்சென்ட்டின் விதிப்படி எண் நிறுவனத்தின் சொத்து, நமக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். நெடுநாள் உள்ளே வராத எண்களை அது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். செல்பேசி எண்ணை முகவரியாக வைத்தால் இது இன்னும் மோசம்: சிம்மை விட்டுவிட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும். பழைய மெயில் முகவரியை மற்ற தளங்களில் மீட்பு முகவரியாகப் போட்டு வைத்திருந்தால் அது தொல்லையின் ஆரம்பம்.

சின்ன எண்களுக்குச் சீனாவில் தனி மவுசு உண்டு. ஐந்து இலக்க எண், 8 நிறைந்த எண், 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதுபோல் ஒலிக்கும் 520 வரும் எண் எல்லாம் நம் ஊர் ஃபேன்சி நம்பர் மாதிரி. 4 சாவை நினைவூட்டும் ஒலி என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். கைமாற்றி விற்கும் எண்ணை வாங்காதீர்கள். முதலில் பதிந்தவர் பழைய விவரங்களைக் காட்டிப் பின்னால் மீட்டுக்கொண்டு போக முடியும்.

எண்ணை மறைத்து முகவரி எடுப்பது

இனி வேலைக்கு வருவோம். க்யூக்யூ எண் இருந்தாலே மெயில்பெட்டி தயாராக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மெயில் தளத்தில் ஒருமுறை நுழைந்து 'திற' என்று அழுத்தினால்தான் அது உயிர் பெறும். அதுவரை உங்கள் எண்ணுக்கு யார் எழுதினாலும் திரும்பிப் போகும்.

பிறகு செட்டிங்கில் அக்கவுன்ட் பகுதிக்குப் போனால் கூடுதல் முகவரிகள் எடுக்கும் இடம் இருக்கும். இரண்டு வழி. ஒன்று, அதே க்யூக்யூ.காம் டொமைனில் எழுத்தில் தொடங்கும் பெயர். இன்னொன்று ஃபாக்ஸ்மெயில்.காம் டொமைனில் பெயர். இரண்டாவதே மேல். க்யூக்யூ.காமில் சிறிய நல்ல பெயர்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. தவிர, ஃபாக்ஸ்மெயில் முகவரியைப் பார்ப்பவருக்குப் பின்னால் க்யூக்யூ எண் இருப்பது உடனே தோன்றாது. எந்த முகவரிக்கு எழுதினாலும் மடல் ஒரே பெட்டியில்தான் விழும்.

இதோடு முடிந்தது என்று எழுந்துபோவதுதான் பலர் செய்யும் தவறு. புது முகவரி எடுத்தாலும், அனுப்பும் முகவரி பழைய எண்ணாகவே இருக்கக்கூடும். அதே அக்கவுன்ட் பகுதியில் 'இயல்பாக அனுப்பும் முகவரி' என்ற தேர்வைப் புதியதற்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு வேறொரு மெயிலுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்துவிடுங்கள். அங்கே எண் தெரிந்தால் மாற்றம் சேமிக்கப்படவில்லை.

வீசாட் வழியாக நேரே மெயில் கணக்குத் தொடங்கினால் எண் இல்லாமலே எழுத்து முகவரி கிடைக்கும். ஆனால் இந்தியாவிலிருந்து அந்த வழி நடைமுறைக்கு ஒத்துவராது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் உண்டு, க்யூக்யூ மெயில் செயலியும் உண்டு. 163.காமை நடத்தும் நெட்ஈஸ் நிறுவனத்தின் மெயில் மாஸ்டர் செயலியும் அதே பட்டியலில் இருந்தது. செயலிக்குத்தான் தடை, க்யூக்யூ முகவரியிலிருந்து வரும் மடலைப் பெறவும் பதில் போடவும் உங்கள் வழக்கமான மெயிலே போதும்.

தண்டர்பேர்டிலோ அவுட்லுக்கிலோ சேர்ப்பது

கணக்கு ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், குறிப்பாகச் சீனாவில் மருத்துவம் படிக்கப் போய் வந்த நம் பிள்ளைகள், கணினியில் வேறு மென்பொருளில் இணைத்துப் படிப்பதே வசதி. உள்வரும் மடலுக்கான ஐமேப் சர்வர் ஐமேப்.க்யூக்யூ.காம், போர்ட் 993, எஸ்எஸ்எல் குறியாக்கத்தோடு. மடலைக் கணினிக்கு இறக்கும் பழைய முறையான பாப் வேண்டுமானால் பாப்.க்யூக்யூ.காம், போர்ட் 995. வெளிச்செல்லும் சர்வர் எஸ்எம்டிபி.க்யூக்யூ.காம், போர்ட் 465 எஸ்எஸ்எல்லோடு, அல்லது 587.

இங்கே மாட்டுவது பாஸ்வேர்டில். க்யூக்யூ பாஸ்வேர்டு இங்கே செல்லாது. மெயில் செட்டிங்கில் ஐமேப், எஸ்எம்டிபி சேவையை இயக்கினால் பதினாறு எழுத்துள்ள அனுமதிக் குறியீடு ஒன்று தருவார்கள். பழைய தோற்றத்தில் இது அக்கவுன்ட் தாவலின் கீழே இருக்கும், புதிய தோற்றத்தில் 'அக்கவுன்ட் மற்றும் பாதுகாப்பு' என்பதற்குள். குறியீடு ஒருமுறைதான் திரையில் தெரியும், அப்போதே நகலெடுத்து மென்பொருளின் பாஸ்வேர்டு கட்டத்தில் ஒட்டிவிட வேண்டும். 535 என்ற பிழையோடு லாகின் தோல்வி என்று வந்தால் பெரும்பாலும் உண்மையான பாஸ்வேர்டைப் போட்டிருப்பீர்கள், அல்லது சேவையை இயக்க மறந்திருப்பீர்கள். ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று 535 வந்தால், இடையில் க்யூக்யூ பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மாற்றினால் பழைய குறியீடு காலாவதியாகிவிடும், புதிது எடுக்க வேண்டும்.

அடுத்த ஏமாற்றம், இணைத்த பிறகு பழைய மடல்களைக் காணோம் என்பது. எங்கும் போகவில்லை. ஐமேப், பாப் வழியாகக் கடைசி 30 நாள் மடல்களை மட்டும் காட்டுவது அங்கே இயல்பான அமைப்பு. சேவையை இயக்கிய அதே இடத்தில் 'எடுக்கும் வரம்பு' என்ற தேர்வை 'அனைத்தும்' என்று மாற்றினால் மொத்தமும் இறங்கும். இதைத் தெரியாமல் மடல் அழிந்துவிட்டது என்று அலறுபவர்கள் ஏராளம். இந்த இயல்பமைப்புக்காகவே சேவைக்கு ஒரு புள்ளி குறைக்கலாம்.

நிரல் வழியாக மடல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டு பிழைகள் வரும். அனுப்புநர் முகவரியும் லாகின் செய்த கணக்கும் ஒன்றாக இல்லையென்றால் 501. இரண்டாவது நம்மவர்களுக்கே உரியது: அனுப்புநர் பெயரைத் தமிழில் வைத்தால் 550 வந்து, 'ஃப்ரம்' வரி சரியில்லை என்று சொல்லும். பெயரை ஆர்எஃப்சி 2047 என்ற இணையத் தர ஆவணத்தின் முறையில் குறியாக்கி அனுப்ப வேண்டும் என்பதில் இந்தச் சர்வர் கறார். பைத்தானில் பெயரையும் முகவரியையும் ஒரே வரியாகக் கோத்து ஹெட்டருக்குள் திணித்தால் முகவரியும் சேர்ந்து குறியாக்கப்பட்டுவிடும், சர்வருக்கு முகவரியே தெரியாது. பெயரைத் தனியாகக் குறியாக்கி, முகவரியை வெறுமனே கோணக்குறிக்குள் விட்டால் போய்விடும். மற்ற சர்வர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட தப்பை இது பிடிக்கிறது என்பதால் இதில் குறை சொல்ல முடியாது.

பெரிய இணைப்புகள் மடலோடு வராமல் டவுன்லோட் லிங்க்காக வரும். அதற்குக் காலாவதி உண்டு, பொதுவாக 30 நாள், தேதி மடலிலேயே இருக்கும். அந்தப் பக்கம் சீன மொழியில் திறக்கும், வெளிநாட்டிலிருந்து இறக்கினால் மெதுவாக வரும். டிராயிங் ஃபைல் அனுப்பச் சொன்னால், பிரித்துச் சாதாரண இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

எண்ணை ஏற்க மறுக்கும் படிவங்கள்

@-க்கு இடப்பக்கம் முழுக்க எண்ணாக இருக்கலாமா என்றால், தாராளமாக. மெயில் முகவரிக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 5322 அந்தப் பகுதியில் எண்களை எழுத்துகளுக்குச் சமமாகவே அனுமதிக்கிறது. முதல் குறி எழுத்தாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நீளம் 64 வரை போகலாம். உலாவிகளில் உள்ள ஈமெயில் உள்ளீட்டுக் கட்டமும் எண்ணில் தொடங்கும் முகவரியை ஏற்கும். ஆனாலும் சில தளங்களின் பதிவுப் படிவம் 'சரியான மெயில் முகவரி தரவும்' என்று துப்பும். அதை எழுதியவர் முகவரி எழுத்தில்தான் தொடங்கும் என்று தாமாக முடிவு கட்டி விதி எழுதியிருப்பார். பயனராக உங்களால் செய்ய முடிந்தது, முன்பு எடுத்த ஃபாக்ஸ்மெயில் முகவரியைக் கொடுப்பதுதான்.

ஸ்பேம் வடிகட்டிகளுக்கும் எண்ணைப் பிடிக்காது. ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி மென்பொருளில் இலவச மெயில் முகவரியின் பெயர்ப்பகுதி எண்ணில் முடிந்தால் ஒரு சிறு மதிப்பெண் ஏற்றும் விதி உண்டு. மொத்த மதிப்பெண் எல்லையைத் தாண்டினால் மடல் ஸ்பேம் ஆகும், இயல்பான எல்லை 5. இது ஒன்றே மடலைக் குப்பைக்குத் தள்ளாது, ஆனால் வெறும் படமும் லிங்க்கும் உள்ள முதல் மடலென்றால் மற்றவற்றோடு சேர்ந்து எல்லையைத் தாண்ட வைக்கும். சீன சப்ளையரின் முதல் கொட்டேஷன் வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியை ஒருமுறை துழாவுங்கள். இன்னொன்று, க்யூக்யூ மெயில் உரையைப் பெரும்பாலும் ஜிபி18030 குறியாக்கத்தில் அனுப்பும். பழைய மென்பொருளில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் குறியாக்கத்தை அதற்கு மாற்றினால் தெளியும்.

வாடிக்கையாளர் பட்டியலை டேட்டாபேஸில் வைப்பவர்கள் @-க்கு முன்னால் இருக்கும் எண்ணைத் தனியாகப் பிரித்து எண் வகைக் கட்டத்தில் போடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு 2147483647. பத்து இலக்க க்யூக்யூ எண்களில் 3-இல் தொடங்குபவை இதைத் தாண்டிவிடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மென்பொருள் கறார் நிலையில் இருந்தால் பிழை சொல்லும், பரவாயில்லை. இல்லையென்றால் சத்தமில்லாமல் உச்சவரம்பு எண்ணையே எழுதி வைக்கும். ஒரு நாள் பட்டியலைத் திறந்தால் இருபது சப்ளையருக்கும் 2147483647 என்று ஒரே அடையாளம் இருக்கும். உண்மையான எண்ணை அதிலிருந்து மீட்க வழியே இல்லை. பார்ப்பதற்கு எண்ணாக இருந்தாலும் இது கூட்டவோ கழிக்கவோ போகிற எண் இல்லை, எழுத்து வகைக் கட்டத்திலேயே வையுங்கள்.

யாருக்கு இது

சீனாவுக்கு வெளியே இருந்துகொண்டு புதிதாக ஒரு மெயில் வேண்டும் என்பவருக்கு க்யூக்யூ மெயில் தேவையில்லை. கணக்குத் தொடங்குவதே செல்பேசி சரிபார்ப்பில் இழுக்கும். ஆங்கில முகப்பு உண்டு என்றாலும் ஆழமாகப் போகப் போகச் சீன மொழிதான் வரும். சீன நிறுவனங்களோடு மட்டுமே வியாபாரம், நாம் அனுப்புவது அவர்கள் பெட்டியில் தவறாமல் விழ வேண்டும் என்பவர்களுக்குச் சிரமப்பட்டாவது ஒன்று வைத்துக்கொள்வது பலன் தரும், ஃபாக்ஸ்மெயில் முகவரியோடு.

படிப்பு முடிந்து ஊர் திரும்புகிற மாணவர்கள் ஒன்றை விமானம் ஏறும் முன்பே செய்தாக வேண்டும். கல்லூரி அலுவலகம், விடுதி, வகுப்புத் தோழர்கள் எல்லோரிடமும் உங்கள் க்யூக்யூ எண்ணே இருக்கும். அந்தக் கணக்கோ சீன சிம்மோடு கட்டப்பட்டிருக்கும். சிம் செத்துவிட்டால் புதிய கணினியில் நுழையும்போது கேட்கும் குறுஞ்செய்திச் சரிபார்ப்பைத் தாண்ட முடியாது, அனுமதிக் குறியீடும் எடுக்க முடியாது. சீன சிம் கையில் உயிரோடு இருக்கும்போதே கணக்கில் இணைத்த செல்பேசியை ஊர் எண்ணுக்கு மாற்றுங்கள். ஐமேப்பை இயக்கி அனுமதிக் குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், எடுக்கும் வரம்பை 'அனைத்தும்' என்று வைத்து மொத்த மடலையும் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு சிம்மை ஒப்படைக்கலாம்.